எடைச்சீட்டின் வடிவம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு டிஎம்டி கம்பி ஆலைக்கு வரும் லாரி இரண்டு முறை எடை மேடை ஏறும். உள்ளே வரும்போது காலி வண்டியின் எடை, கம்பி ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் நிகர எடை. பில், வரி, வாங்குபவர் தரவேண்டிய பணம், லாரி வாடகை எல்லாம் அந்த ஒரே எண்ணை நம்பித்தான் நிற்கின்றன.

அந்த எண் போகும் வழியைப் பாருங்கள். எடை மேடைக்குக் கீழே இருக்கும் லோடு செல்கள் தரும் மின்சைகையை ஒரு சிறு பெட்டி எண்ணாக்கிக் கேட்டிலிருக்கும் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஆலையின் சர்வருக்கு, சர்வரிலிருந்து பில் போடுபவரின் திரைக்கு, பிறகு ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் தளத்துக்கு, அங்கிருந்து இ-வே பில்லுக்கு. கடைசியில் ஓட்டுநரின் கையில் ஒரு தாளாக வந்து சேருகிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா. வழியில் யார் நிறுத்திக் கேட்டாலும் அந்தத் தாளில் இருக்கும் எண்ணும் வண்டியில் இருக்கும் எடையும் ஒத்துப்போக வேண்டும்.

இத்தனை கைமாறல்களில் மனிதக் கண் படாத ஒன்று இருக்கிறது. சர்வரில் ஓடும் புரோகிராமுக்கும் திரையில் ஓடும் புரோகிராமுக்கும் நடுவில் நடப்பது. சர்வர் பக்கத்தைப் பேக்எண்ட் என்கிறார்கள். ஜாவா, சி ஷார்ப், பைத்தான் போன்ற ஒரு மொழியில் எழுதியிருப்பார்கள். திரைப் பக்கமான ஃபிரண்ட்எண்ட் பிரவுசருக்குள் ஓடுவதால் அங்கே ஜாவாஸ்கிரிப்ட், அல்லது அதன்மேல் கட்டப்பட்ட டைப்ஸ்கிரிப்ட். இருவரும் ஒரே எடைச்சீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் எடைச்சீட்டு என்றால் என்ன என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு இடத்தில் எழுதியது

சர்வர் பக்கத்தில் எடைச்சீட்டு ஒரு தரவு கிளாஸ். அதில் சீட்டு எண், லாரி எண், காலி எடை, மொத்த எடை, இரண்டின் வித்தியாசமான 'எடை', எடை போட்ட நேரம், பொருளின் எச்எஸ்என் குறியீடு, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் என்று வரிசையாகப் புலங்கள் இருக்கும். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு டைப் உண்டு. லாரி எண் எழுத்துச்சரம், எடை எண், நேரம் தேதி. திரைப் பக்கத்திலும் இதே பட்டியலை டைப்ஸ்கிரிப்டில் ஒருவர் எழுதியிருப்பார். முதல் நாளில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும்.

ஆறு மாதம் போகிறது. சர்வர் பக்கத்து இளைஞர் 'எடை' என்று இருந்த புலத்துக்கு 'நிகர எடை' என்று பெயர் மாற்றுகிறார். மொத்த எடையோடு குழம்பக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல மாற்றம்தான். தன் பக்கத்தில் எல்லா இடத்திலும் திருத்திவிட்டார், அவருடைய சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டன. திரைப் பக்கம் இன்னும் 'எடை' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதற்குக் கூச்சல் போடாது. அப்படி ஒரு புலம் இல்லையென்றால் 'அன்டிஃபைன்ட்' என்று ஒரு வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டு மேலே போகும். அதை டன் விலையால் பெருக்கினால் 'இது எண் அல்ல' என்று பொருள்படும் மூன்றெழுத்துக் குறி வரும். பில் தொகை இருக்கவேண்டிய கட்டத்தில் அந்த மூன்றெழுத்து. இது பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் தெரியவருவதில்லை. இரவு லோடு ஏறிய பிறகு, கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது தெரியவருகிறது.

டைப்ஸ்கிரிப்ட் வந்ததே இப்படிப்பட்ட பிழைகளை ஓடுவதற்கு முன்பே பிடிக்கத்தான். டர்போ பாஸ்கலையும் சி ஷார்ப்பையும் உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் தலைமையில் மைக்ரோசாஃப்ட் அதை 2012 அக்டோபரில் வெளியிட்டது. பிறகு ஏன் அது இந்தப் பிழையைப் பிடிக்கவில்லை? அதற்குத் தெரிந்தது திரைப் பக்கத்தில் கையால் எழுதிய பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலில் 'எடை' இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் நிரலும் 'எடை' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன, டைப்ஸ்கிரிப்டின் கம்பைலருக்குத் திருப்தி. சர்வர் மாறிவிட்டது என்பதை அதற்குச் சொல்ல ஆளில்லை. எந்தப் பாதுகாப்பும் இல்லாதபோது இருக்கும் எச்சரிக்கை உணர்வுகூட, தவறான பாதுகாப்பு இருக்கும்போது போய்விடுகிறது. கையால் எழுதிய டைப்பின் உண்மையான ஆபத்து இது.

தீர்வு சொல்வதற்கு எளியது. இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். சர்வரிலுள்ள கிளாஸை மட்டும் மனிதர் எழுதட்டும். அதைப் படித்து டைப்ஸ்கிரிப்ட் பட்டியலை ஒரு புரோகிராம், அதாவது ஓர் உருவாக்கி, எழுதட்டும். டிஎம்டி கம்பியின்மேல் ஆலையின் பெயர் எப்படிப் புடைத்து வருகிறது? கடைசி உருளையில் எழுத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே வரும் ஒவ்வொரு கம்பியிலும் அது தானாகப் பதிகிறது. பெயரை மாற்ற வேண்டுமானால் உருளையை மாற்றுவார்கள், யாரும் கம்பியைக் கொத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அதே பெயர் மாற்றம் நடந்தால் என்ன ஆகும்? சர்வர் கிளாஸில் 'நிகர எடை' என்று மாறியதும் அடுத்த தடவை கட்டுமானம் (பில்டு) ஓடும்போது திரைப் பக்கத்து டைப்பும் தானே மாறிவிடும். பழைய 'எடை'யைக் கேட்கும் ஒவ்வொரு வரியிலும் சிவப்புக் கோடு விழும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று கம்பைலரே சொல்லிவிடும். இரவு கேட்டில் நின்றிருக்க வேண்டிய பிழை, பகலில் எழுதியவரின் மேசையிலேயே நின்றுவிடுகிறது.

உருவாக்கி என்ன செய்கிறது

இந்த எண்ணம் புதிதன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் தொலைச்செயல் அழைப்பு பற்றி 1984-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். ஒரு கணினியிலுள்ள புரோகிராம் இன்னொரு கணினியிலுள்ள செயலை, உள்ளூர்ச் செயலைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட வழி செய்வது அவர்கள் வேலை. அதற்கு இரண்டு முனையிலும் தகவலைக் கட்டி அனுப்பவும் பிரித்துப் படிக்கவும் இடைநிரல் வேண்டும். அதைப் புரோகிராமர் கையால் எழுதக்கூடாது என்று முடிவு செய்து லூபைன் என்றொரு உருவாக்கியைச் செய்தார்கள். மெசா மொழியில் எழுதிய இடைமுக விவரிப்பைப் படித்து அது இரண்டு முனைகளுக்குமான நிரலை எழுதித் தந்தது. அதன் வழியில்தான் பின்னால் சன் நிறுவனத்தின் கருவிகளும், 1991-இல் கோர்பாவும், 2008-இல் கூகுள் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸும் வந்தன.

வலையுலகம் மட்டும் நடுவில் கொஞ்ச காலம் இந்தப் பாடத்தை மறந்திருந்தது. ஜேசன் என்ற எளிய வடிவம் வந்ததும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றாகிவிட்டது. அந்த எளிமையால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஒழுங்கு தேவைப்பட்டது. டோனி டாம் தொடங்கிய ஸ்வாகர், 2015-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓபன்ஏபிஐ என்று பொதுத் தரமாகியது. ஒரு சர்வர் என்னென்ன கேட்கும், என்னென்ன தரும் என்பதை இயந்திரம் படிக்கும் வகையில் எழுதி வைக்கும் முறை அது.

உருவாக்கியின் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலில் கிளாஸைப் படிக்கிறது. ஓடும் புரோகிராமே தன் கிளாஸ்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரிஃப்ளெக்ஷன் வசதி வழியாகப் படிக்கலாம், அல்லது மூல நிரலையே கம்பைலரைப்போல மரமாகப் பிரித்துப் படிக்கலாம். இரண்டாவது, மொழிபெயர்ப்பு அட்டவணை. முழு எண், தசம எண் எல்லாம் டைப்ஸ்கிரிப்டில் ஒரே 'நம்பர்' ஆகும். பட்டியல் என்றால் அணி, இல்லாமலும் போகலாம் என்றால் 'இது அல்லது நல்'. ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸ் இருந்தால் அதற்கும் தனி டைப். மூன்றாவது, கோப்பை எழுதிவைப்பது.

மொழிகளும் இதற்குத் தோதாக மாறிவந்தன. தரவைத் தாங்குவதற்கென்றே தனி வகைக் கிளாஸ் பைத்தானில் 2018-இலும், சி ஷார்ப்பில் ரெக்கார்டு என்ற பெயரில் 2020-இலும், ஜாவாவில் 2021-இலும் நிலைபெற்றது. புலங்களை வெளிப்படையாக அறிவிக்கும் கிளாஸைப் படிப்பது உருவாக்கிக்கு மிக எளிது. பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ இன்னும் ஒரு படி மேலே போய், டைப் குறிப்புகளை மட்டும் வைத்து ஓபன்ஏபிஐ விவரிப்பைத் தானே தந்துவிடுகிறது. அதிலிருந்து டைப்ஸ்கிரிப்டுக்கு ஒரே தாவல்தான்.

இதில் பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. திரைக்கு வருவது கிளாஸ் அல்ல. கிளாஸை ஜேசனாக மாற்றும் சீரியலைசர் என்ற இடையாள் கொடுத்ததுதான் திரைக்கு வருகிறது. அவன் தன் விதிப்படி பெயர்களைச் சுருக்கலாம், முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக்கலாம், சில புலங்களை மறைக்கலாம். சி ஷார்ப்பின் வழக்கமான சீரியலைசர், வேறு சொல்லாதவரை, 'பில்லெட், கம்பி, ஸ்கிராப்' என்பதுபோன்ற வகைப்பட்டியல் மதிப்புகளை 0, 1, 2 என்று எண்ணாக அனுப்பும். கிளாஸைப் பார்த்த உருவாக்கி 'கம்பி' என்ற சொல் வரும் என்று டைப் எழுதியிருக்கும், வருவது 1. பைத்தானின் பைடான்டிக் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு 2023-இல் வந்தபோது, டெசிமல் மதிப்புகள் ஜேசனில் எண்ணாகப் போகாமல் எழுத்துச்சரமாகப் போகத் தொடங்கின. காசுக்கணக்கு பிசகக்கூடாது என்பதற்கு அது சரியான முடிவு. ஆனால் திரைப் பக்கத்தில் 100.50-ஐயும் 9.50-ஐயும் கூட்டினால் 110 வராது. இரண்டு எழுத்துச்சரங்களும் ஒட்டிக்கொண்டு 100.509.50 வரும். டைப்பை இயந்திரம் புதுப்பித்திருந்தால் பெருக்கும் இடங்களில் எல்லாம் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். கூட்டல் குறி எழுத்துகளையும் ஒட்டும் என்பதால் அது மட்டும் சில இடங்களில் தப்பிவிடும்.

ஆகவே நல்ல உருவாக்கி கிளாஸை மட்டும் படித்தால் போதாது, சீரியலைசரின் விதிகளையும் படிக்க வேண்டும். ஓபன்ஏபிஐ வழியாகப் போவதை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். அது கிளாஸின் வடிவத்தை விட்டுவிட்டு, சர்வரிலிருந்து திரைக்கு உண்மையில் போகும் தகவலின் வடிவத்தைச் சொல்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே வடிவம்

ஓர் ஆலைக்குள் நடப்பது நாட்டளவில் நடந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இ-இன்வாய்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. வணிகர்களுக்கிடையிலான ஒவ்வொரு பில்லும் குறிப்பிட்ட ஜேசன் வடிவில் பதிவுத் தளத்துக்குப் போக வேண்டும். தளம் அதைச் சரிபார்த்து, 64 எழுத்துள்ள பதிவு எண்ணையும் மின்கையொப்பமிட்ட கியூஆர் குறியையும் திருப்பித் தரும். திருத்திய படிவம் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அந்த அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. பிறகு வரம்பு 100 கோடி, 50, 20, 10 என்று படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரைச் சுற்றிலும் இருக்கும் சிறு பட்டறைகள் பல இந்த வரம்புக்குள் வந்தது அப்போதுதான்.

இங்கே திசை தலைகீழ். முதலில் வடிவம் வருகிறது, அதைப் பார்த்து ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் கிளாஸை எழுதிக்கொள்கிறது. வெளியாரோடு பேசும் எல்லையில் இதுதான் சரியான முறை. அரசின் வடிவத்தை நம் கிளாஸ் தீர்மானிக்க முடியாது. நம் சர்வரும் நம் திரையும் பேசிக்கொள்ளும் எல்லையில் நிலைமை வேறு. அங்கே இரண்டு பக்கமும் ஒரே குழுவின் கையில் இருக்கிறது. கிளாஸே மூலமாக இருந்தால் வேலை குறைவு, பிழையும் குறைவு.

அந்த அரசுப் படிவத்தைக் கூர்ந்து படித்தால் டைப் பற்றிய நல்ல பாடங்கள் கிடைக்கும். பின்கோடு அதில் எண். மாநிலக் குறியீடு எழுத்துச்சரம். இரண்டும் இலக்கங்கள்தானே, ஏன் இந்த வேறுபாடு? இந்தியப் பின்கோடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது. மாநிலக் குறியீடு தொடங்கும். ஜம்மு காஷ்மீர் 01, டில்லி 07, உத்தரப் பிரதேசம் 09. எண்ணாக வைத்தால் 07 என்பது 7 ஆகிவிடும், தளம் ஏற்காது. தமிழ்நாட்டின் 33-ஐயும் ஆந்திரத்தின் 37-ஐயும் மட்டும் பார்த்துப் பழகிய கும்மிடிப்பூண்டி மென்பொருளில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமலே கிடக்கும். டில்லிக்கு முதல் லோடு கிளம்பும் நாளில்தான் வந்து நிற்கும். எச்எஸ்என் குறியீட்டுக்கும் இதே கதைதான். கம்பிக்கு 721420, இரும்பு ஸ்கிராப்புக்கு 7204 என்று எண்ணாக வைத்தாலும் ஓடும். காப்பி வியாபாரிக்கு 0901 என்று வரும்போது முதல் பூஜ்யம் காணாமல் போகும். எதைக் கூட்டிக் கழிக்கமாட்டோமோ அது எண் அல்ல, அடையாளம். சர்வர் கிளாஸில் இந்த முடிவைச் சரியாக எடுத்தால் உருவாக்கி அதை எல்லாத் திரைக்கும் கொண்டுசேர்க்கும். தவறாக எடுத்தால் அந்தத் தவறையும் அதே நேர்மையோடு கொண்டுசேர்க்கும்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வடிவம் ஒத்துப்போவதும் பொருள் ஒத்துப்போவதும் வேறு வேறு. இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இ-இன்வாய்ஸில் தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் சாய்கோடு போட்டு எழுதப்படுகிறது. 03/04/2024 என்றால் நமக்கு ஏப்ரல் 3. ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளிடம் அப்படியே கொடுத்தால் பிரவுசர்கள் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று படிக்கும். டைப் இரண்டு இடத்திலும் எழுத்துச்சரம்தான், எனவே ஒரு சிவப்புக் கோடும் விழாது. நம் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. ஏப்ரல் 3 புதிய நிதியாண்டு, மார்ச் 4 பழையது. பில்லின் 64 எழுத்துப் பதிவு எண் விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு என்ற நான்கையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. தேதியைப் புரட்டிப் படித்த திரை அந்தப் பில்லை ஓர் ஆண்டு பின்னால் தள்ளி வைத்துவிடும்.

எடையிலும் இதே ஆபத்து இருக்கிறது. மேடை காட்டுவது கிலோ, பில்லில் டன். டைப் இரண்டுக்கும் 'நம்பர்'. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கியபோது அழிந்துபோனது இந்த ரகப் பிழையால்தான். ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசையின் அளவைப் பவுண்டு கணக்கில் தந்தது. வாங்கிய தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. எண் எண்ணாகவே போய்ச் சேர்ந்தது, வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆலையில் நடந்தால் விண்கலம் அழியாது. ஆனால் 25,000 கிலோ ஏற்றிய லாரி 25,000 டன்னுக்குப் பில்லோடு நிற்கும். இதற்கு ஓர் எளிய காப்பு, அலகைப் புலத்தின் பெயரிலேயே எழுதுவது. 'நிகர எடை' என்று விடாமல் 'நிகர எடை கிலோவில்' என்று. பெயர் நீளும், பரவாயில்லை. உருவாக்கி அந்தப் பெயரை அப்படியே திரைக்குக் கொண்டுபோகும், அங்கே எழுதுபவர் கண்ணில் படும்.

எண்ணின் நீளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சர்வரின் 64 பிட் முழு எண் 19 இலக்கம் வரை போகும். ஜாவாஸ்கிரிப்ட் பிழையில்லாமல் தாங்கும் முழு எண் 9,00,71,99,25,47,40,991 வரைதான், அதாவது 16 இலக்கம். அதற்குமேல் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறும். ட்விட்டர் 2010-இல் இதை எதிர்கொண்டு ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணையும் எழுத்துச்சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. இ-வே பில் எண் 12 இலக்கம், பயமில்லை. ஆலையின் சொந்த டேட்டாபேஸ் தரும் அடையாள எண்கள் எவ்வளவு நீளம் என்று பார்த்துவைப்பது நல்லது.

இனி வரி. கும்மிடிப்பூண்டியிலிருந்து தெற்கே பொன்னேரிக்குக் கம்பி போனால் சிஜிஎஸ்டி 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம். வடக்கே சூளூர்பேட்டைக்குப் போனால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம். எந்தப் பில்லிலும் இந்த இரண்டு வகையும் சேர்ந்து வராது. பெரும்பாலான மென்பொருள்களின் கிளாஸில் மூன்று புலங்களும் பக்கத்தில் பக்கத்தில், மூன்றும் 'இல்லாமலும் போகலாம்' என்ற குறிப்போடு இருக்கும். உருவாக்கியும் அப்படியே மொழிபெயர்க்கும். அந்த டைப்பின்படி மூன்று வரியும் சேர்ந்து வரலாம், ஒன்றுகூட வராமலும் போகலாம். நடக்கவே கூடாத பில்லை டைப் அனுமதிக்கிறது.

டைப்ஸ்கிரிப்டில் இதைச் செம்மையாகச் சொல்ல வழி இருக்கிறது. வரி என்பது ஒன்று 'மாநிலத்துக்குள்' என்ற அடையாளத்தோடு இரண்டு தொகைகள் கொண்டது, அல்லது 'மாநிலங்களுக்கிடையில்' என்ற அடையாளத்தோடு ஒரு தொகை கொண்டது. இப்படி எழுதினால் அடையாளத்தைப் பார்க்காமல் ஐஜிஎஸ்டியைத் தொடவே கம்பைலர் விடாது. சர்வரில் வரி என்ற பொதுக் கிளாஸையும் அதன்கீழ் இரண்டு குட்டிக் கிளாஸ்களையும் எழுதி, எது எது என்று காட்டும் புலத்தையும் அறிவித்தால், ஓபன்ஏபிஐ அதைத் தாங்கும். உருவாக்கியும் 'இது அல்லது அது' என்ற டைப்பைத் தரும். கொஞ்சம் கூடுதல் உழைப்புதான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறதோ அதுவே திரையின் டைப்பாகிவிடுகிறது. தானாக உருவாக்கும் முறையின் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது என்பது என் கருத்து. பெயர்களை நகலெடுப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது பாதி வேலை.

குறியீட்டுப் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். ஆந்திரத்தின் மாநிலக் குறியீடு முன்பு 28. தெலங்கானா பிரிந்தபின் ஜிஎஸ்டியில் ஆந்திரம் 37, தெலங்கானா 36. எல்லைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் ஆந்திரத்துக்கு அனுப்பும் ஆலைக்கு இந்த ஒரு எண் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் சர்வரில் ஒரே இடத்தில் இருந்து எல்லாத் திரைகளுக்கும் இயந்திரம் வழியாகப் போனால், ஏதோ ஒரு மூலைத் திரையில் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை.

டைப் எதைக் காக்காது

டைப்ஸ்கிரிப்டின் டைப்கள் கம்பைல் ஆனதும் அழிந்துவிடும். பிரவுசரில் ஓடும்போது அவை இல்லை. எனவே உருவாக்கிய டைப் ஒரு வாக்குறுதி, காவல்காரன் அல்ல. சர்வர் எதிர்பாராததை அனுப்பினால் ஓடும் நேரத்தில் தடுக்க யாருமில்லை. அதற்கு வந்த தகவலைச் சரிபார்க்கும் நிரல் தனியாக வேண்டும். அதையும் அதே மூலத்திலிருந்து உருவாக்க முடியும், உருவாக்கவும் வேண்டும். சரிபார்க்கும் நிரலைக் கையால் எழுதினால் மூன்றாவது நகல் ஒன்று முளைத்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, எடை மேடை அறையில் உள்ள கணினியை அணைப்பதே இல்லை. பிரவுசரில் அந்தப் பக்கம் நாள்கணக்கில் திறந்தே கிடக்கும். சர்வர் நேற்று இரவு மாறியிருக்கும், கேட்டிலுள்ள திரை போன வாரத்து நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கும். கட்டுமான நேரத்தில் எல்லாம் ஒத்துப்போனது உண்மைதான், ஆனால் இப்போது பேசிக்கொள்வது புதிய சர்வரும் பழைய திரையும். ஒரு புலத்தை ஒரே நாளில் நீக்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். புதிய பெயரைச் சேருங்கள், கொஞ்ச காலம் இரண்டையும் அனுப்புங்கள், எல்லாத் திரைகளும் புதுப்பித்துக்கொண்ட பிறகு பழையதை எடுங்கள்.

அடுத்தது ஒழுங்கு பற்றியது. உருவாக்கிய கோப்பை யாரும் கையால் தொடக்கூடாது. அவசரத்துக்கு ஒரு வரி திருத்தினால் அடுத்த முறை அது அழிந்துபோகும், அல்லது அழியக்கூடாதென்று உருவாக்கியை ஓட்டாமலே விட்டுவிடுவார்கள். இரண்டாவது வழி மோசமானது. யாராவது நினைவு வைத்து ஓட்டட்டும் என்று விட்டால் ஓட்டமாட்டார்கள். ஒவ்வொரு கட்டுமானத்திலும் இயந்திரமே புதிதாக உருவாக்கி, சேமித்து வைத்திருக்கும் கோப்போடு ஒப்பிட்டு, ஒரு எழுத்து வேறுபட்டாலும் கட்டுமானத்தை நிறுத்த வேண்டும்.

அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் நாலைந்து பேர் கொண்டவை. ஒரே ஆள் காலையில் சர்வரும் மாலையில் திரையும் எழுதுவார். 'இரண்டு பக்கமும் நான்தானே எழுதுகிறேன், எனக்கு எதற்கு உருவாக்கி' என்று அவருக்குத் தோன்றும். ஆறு மாதத்துக்கு முன் எழுதியதை நினைவில் வைத்திருக்க அவருக்கு உதவ யாரும் இல்லை, அதனால் மற்றவர்களைவிட அவருக்குத்தான் இது அதிகம் தேவை. இந்த அத்தியாயத்தைப் படிக்கும் நீங்கள் அந்த ஆள் என்றால், மொத்த மென்பொருளையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். எடையும் பணமும் போகும் ஒரே ஒரு கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அலகுகளைப் பெயரில் எழுதுங்கள், குறியீடுகளை எழுத்துச்சரமாக்குங்கள். கையால் எழுதிய அதன் நகலைத் திரைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, உருவாக்கி தந்த டைப்பை அந்த இடத்தில் வையுங்கள். முதல் முறை கம்பைல் செய்யும்போதே சிவப்புக் கோடுகள் விழும். இன்றுவரை யார் கண்ணிலும் படாமல் உங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்த முரண்பாடுகள் அவை. ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.